கேரவனில் சிலிண்டர் பெட்டி: கதவைத் திறந்ததும் கை ரெகுலேட்டரில் படணும்

டெம்போ டிராவலரையோ பழைய மினி லாரியையோ வீட்டு வண்டியாக மாற்றுகிறவர்கள் படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் இடம் பார்த்துப் பார்த்து ஒதுக்குவார்கள். கேஸ் சிலிண்டருக்குக் கடைசியில் மிச்சமிருக்கிற மூலைதான் கிடைக்கும். பெரும்பாலும் அது பின்கட்டிலுக்கு அடியில். மெத்தையைத் தூக்கி, பலகையைத் தூக்கி, குனிந்து கையை விட்டால்தான் ரெகுலேட்டர் எட்டும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ரெகுலேட்டரை ராத்திரி சமையல் முடிந்ததும் எவரும் அணைப்பதில்லை. அடுப்புக் குமிழை மூடியாச்சு, போதும் என்று படுத்துவிடுவார்கள். வால்வு வாஷர், டியூப், இணைப்பு என்று கசிவு வரக்கூடிய இடங்கள் அத்தனையும் அடுப்புக் குமிழுக்கு முன்னாலேயே இருக்கின்றன. குமிழை மூடுவதால் அவை எதுவும் அடைபடாது.

எனவே பெட்டி கட்டும்போது தகட்டின் கனத்தையும் பூட்டையும் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு சோதனையை மனசில் வையுங்கள். வண்டிக்கு வெளியே நிற்கிறீர்கள். ஒரு கையால் கதவைத் திறந்து, எந்தப் பொருளையும் நகர்த்தாமல், இருட்டிலும் ரெகுலேட்டரை அணைக்க முடியணும். வீட்டில் உள்ள பெரியவர்களாலும் அது முடியணும். ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது என்றால் பெட்டி இருக்கும் இடமோ கதவோ தப்பு.

கேஸ் கீழே இறங்கும்

சமையல் கேஸ் என்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவி, பள்ளம் இருந்தால் அங்கே தேங்கி நிற்கும். வீட்டில் கதவு திறந்திருந்தால் வாசல் வழியாக ஓரளவாவது வெளியேறும். வண்டியில் தரையே ஒரு தொட்டி. சுற்றிலும் தகடு, கதவுக்குக் கீழே ரப்பர் பீடிங். ஏசி போட்டுத் தூங்குகிறவர்கள் ஜன்னலையும் அடைத்திருப்பார்கள்.

எவ்வளவு கேஸ் போதும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் உள்ள கேபினில் சுமார் 10,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். அதாவது 200 லிட்டர். ஒரு கிலோ கேஸ் ஆவியானால் ஏறக்குறைய 450 லிட்டர் ஆகிறது. ஆக, அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ் கேபின் முழுவதையும் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தரையோரம் மட்டும் தேங்கினால் அதற்கும் குறைவு போதும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்குகிற ஒரு நொடிப் பொறியே தீக்குச்சிதான்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மூடிய பெட்டிக்குள் ஆட்களும் சிலிண்டரும் ஒன்றாக இருக்கக் கூடாது. கேரவனுக்கும் அதே விதிதான். சிலிண்டர் பெட்டி வண்டியோடு ஒட்டியிருக்கலாம், ஆனால் கேபினுக்கும் அதற்கும் நடுவே ஊசிமுனை அளவு துளைகூட இருக்கக் கூடாது. பெட்டிக்குள் கசிந்தது அப்படியே ரோட்டில் கொட்டிவிடணும்.

எந்த சிலிண்டர், எந்தப் பக்கம்

வீட்டு இணைப்புக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. அதை வாடகைக்கு விடும் கேரவனில் ஏற்றுவது சட்டப்படி தப்பு. அதோடு நிரம்பிய நிலையில் அது 30 கிலோ. அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கிறவரின் முதுகையும் யோசியுங்கள். அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று ஓடும், ஒன்று மூடி போட்டுத் தயாராக நிற்கும். பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை குடிக்கும். தினமும் இரண்டு மணி நேரம் சமைக்கிற குடும்பத்துக்கு ஒரு 5 கிலோ சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு நாள் தாராளமாக வரும். ஃபைபரில் செய்த காம்போசிட் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் வசதி. எடையும் குறைவு, உள்ளே எவ்வளவு மிச்சம் என்றும் வெளியிலிருந்தே தெரியும்.

பெட்டிக்கு வண்டியின் இடது பக்கம்தான் சரி. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகும் நான்குவழிச் சாலையோரம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வலது பக்கம் பெட்டி இருந்தால் லாரிகள் உரசிப் போகிற பக்கத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து சிலிண்டர் மாற்ற வேண்டிவரும். இடது பக்கத்தில் இன்னொன்றைப் பார்க்கணும். ஆள் ஏறும் கதவும் அந்தப் பக்கமே இருக்கும். பெட்டியின் காற்றுத்துளை அந்தக் கதவுக்கு நேர் கீழே வரக் கூடாது. ஜன்னல், கேபின் காற்றோட்டத் துளை, டீசல் டேங்க் மூடி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது இரண்டடி தள்ளி வையுங்கள். சைலன்சர் எந்தப் பக்கம் வாய் திறக்கிறது என்பதை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கோடு போடணும். சைலன்சருக்கு மேலே பெட்டி கட்டிவிட்டு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தால் போதும் என்று சொல்லும் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சூட்டைத் தடுக்கலாம், கேஸ் கீழே இறங்கிச் சூடான பைப்பில் படுவதைத் தடுக்க முடியாது.

வண்டியின் உடலமைப்பில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத்தான் சொல்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் காப்பீட்டுப் பணம் கேட்கும்போது சிக்கல்.

பெட்டியும் அதன் தரையும்

அளவை எங்கேயும் படித்து எடுக்க வேண்டாம். நீங்கள் பயன்படுத்தப்போகும் சிலிண்டரைப் பட்டறைக்கே எடுத்துப்போய் (காலி சிலிண்டர் என்றாலும் மூடி போட்டு, வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து) அளந்துகொள்ளுங்கள். சுற்றிலும் 4 செ.மீ. இடைவெளி. உயரத்துக்கு, ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் மேல்முனையிலிருந்து இன்னும் 15 செ.மீ. கை நுழைந்து, விரல் மடங்கி, ரெகுலேட்டரைக் கழற்றத் தூக்க வேண்டிய கறுப்பு வளையத்தை, அதாவது காலரை, தூக்க அந்த 15 தேவை. நிறையப் பெட்டிகளில் குறைவது இந்த உயரம்தான். சிலிண்டர் கச்சிதமாக உட்காரும், ரெகுலேட்டரைக் கழற்ற முடியாது. பிறகு சிலிண்டரைச் சாய்த்துச் சாய்த்து மாற்றுவார்கள், டியூப் மடியும்.

தகடு 1.2 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட் போதும். ஐந்து பக்கமும் மடித்து, மூட்டுகளை முழுக்க வெல்டு செய்து, மேலே பி.யூ. சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஓட்டணும். ரிவெட் மட்டும் அடித்துவிட்டு ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளி விட்டால் அது பெட்டி ஆகாது, சல்லடை. சட்டம் 25 மி.மீ. சதுர பைப்பில். கேபினுக்குள் பெட்டியின் சுவரில் ஒட்டுப்பலகை ஒட்டி அழகாக்கலாம், ஆனால் தகட்டை வெட்டிப் பலகையை மட்டும் மறைப்பாக வைக்கக் கூடாது.

இனி தரைத் துளை. பெட்டி வேலையில் இதுதான் உயிர்நாடி. ஐரோப்பாவில் கேரவன்களுக்கான இ.என். 1949 என்ற தரவிதி இருக்கிறது. பெட்டியின் தரைப் பரப்பில் 2 சதவீதம் கீழே திறந்திருக்கணும், எப்படியும் 100 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. 70-க்கு 40 செ.மீ. பெட்டி என்றால் தரை 2,800 சதுர செ.மீ., அதில் 2 சதவீதம் வெறும் 56. ஆகவே 100 என்பதே உங்கள் அளவு. 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளை 50 சதுர செ.மீ. தரும், இரண்டு போட்டால் 100 ஆகிவிடும். கணக்கு இங்கே முடிந்துவிட்டதாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எலி வராமல் இருக்க வலை அடிப்பீர்கள் இல்லையா, 1 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. கண் உள்ள வலை அடித்தால் திறப்பில் கால்வாசிக்கு மேல் கம்பியே அடைத்துக்கொள்ளும். எனவே மூன்று துளை போடுங்கள். கொசுவலை வேண்டவே வேண்டாம். இரண்டு மண்சாலை போய்வந்தால் அது சுவர் ஆகிவிடும்.

தர்மபுரி வெயிலுக்கு இன்னொரு காற்றுத்துளை கதவின் மேல்பாகத்திலும் இருந்தால் உள்ளே சூடு கட்டாது. அது கீழ்த்துளைக்கு மாற்று என்று எண்ணிவிடாதீர்கள்.

துளை இருந்தும் கேஸ் வெளியேறாத பெட்டிகள் உண்டு. காரணம் மூன்று. முதலாவது, துளை தரையின் தாழ்ந்த இடத்தில் இருக்காது. இரண்டாவது, சிலிண்டர் அடியில் சத்தம் வராமலிருக்க ரப்பர் மேட்டோ சாக்கோ விரித்து, அது துளையை மூடியிருக்கும். மேட் போடுவதற்குப் பதிலாக 25 மி.மீ. உயரத்தில் பட்டைக் கம்பியால் ஒரு தாங்கி செய்து அதன்மேல் சிலிண்டரை நிறுத்துங்கள், சத்தத்துக்கு அந்தப் பட்டையின் மேல் ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, பின்சக்கரம் அடிக்கிற சேறு. துளைக்கு முன்பக்கம் வண்டியின் அடியில் ஒரு தகட்டைச் சாய்வாக மாட்டினால் சேறு அதில் அடித்து விழும். துளைக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையே 5 செ.மீ.க்குக் குறையாமல் இடம் இருக்கணும்.

பெட்டி முடிந்ததும், சிலிண்டரை உள்ளே வைப்பதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். பகலில் அரை பக்கெட் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கணும். தண்ணீர் ஓடி முடிந்த பிறகு எங்காவது குளமாக நின்றால் கேஸும் அங்கேதான் நிற்கும். அந்த இடத்தில் தகட்டைத் தட்டி இறக்குங்கள் அல்லது இன்னொரு துளை போடுங்கள். கேபினுக்குள் ஈரம் தெரிந்தால் மூட்டு ஓட்டை. ராத்திரியில், கேபின் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பெட்டிக்குள் பளிச்சென்ற டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒருவர் கேபினுக்குள் தவழ்ந்து பார்க்கணும். கட்டிலுக்கு அடியில், டியூப் நுழையும் இடத்தில், சக்கர வளைவு சேரும் மூலையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் சீலன்ட் போட்டு அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கதவு

மேல்நோக்கித் தூக்கும் கதவு பார்க்க அழகு. ஹைட்ராலிக் தண்டு பழசானதும் சிலிண்டர் மாற்றுகிறவர் கழுத்தில் விழும். பக்கவாட்டில் திறக்கும் கதவு போடுங்கள். கீல் எந்த ஓரத்தில் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி போகும் திசையில் முன் ஓரத்தில்தான் கீல் வரணும். தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் ஓடும்போது காற்று கதவை அமுக்கி மூடியே வைக்கும். பின் ஓரத்தில் கீல் வைத்தால் அதே காற்று கதவைப் பிடுங்கி பைக்கில் வருகிறவர் மேல் எறியும். திறந்த கதவு பின்னால் ஆடாமல் நிற்க ஒரு கொக்கி.

கதவு ஓரத்தில் ரப்பர் பீடிங் மழைக்காக. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்தாலும் தரைத் துளை வழியாக ஓடிவிடும் என்பதால் இதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். கதவின் கீழ் ஓரத்தில் தகட்டை மேல்நோக்கி மடித்துப் படி மாதிரி நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் தடுங்கள். சிலிண்டரை அதற்கு மேல் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருக்கும், துளை அடைபட்ட நாளில் கேஸும் அந்தப் படிக்குள் தேங்கும்.

பூட்டுக்கு வருவோம். திருட்டு பயத்தில் கட்டைப்பூட்டுப் போட்டு, சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, அவசரத்தில் வீடு பூராவும் தேடுவது சகஜம். வண்டிக் கதவுக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி வரும்படியான கைப்பிடிப் பூட்டு மாட்டுங்கள். அடுப்பு எரியும் நேரம் முழுவதும் பெட்டி பூட்டாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருக்கணும். வண்டி ஓடும்போது பூட்டலாம், அப்போது ரெகுலேட்டர் எப்படியும் அணைந்திருக்கும்.

கதவின் வெளியே கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர்: தீச்சுடர் படம், கீழே 'கேஸ் சிலிண்டர்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகிறவர்கள் கன்னடத்திலும் எழுதிக்கொள்ளலாம். விபத்து நடந்த இடத்துக்கு வருகிற தீயணைப்பு வீரர் முதலில் தேடுவது அதைத்தான்.

பெட்டிக்குள் விளக்கு, சுவிட்ச், இன்வெர்ட்டர் பேட்டரி, ஒயர் எதுவும் வேண்டாம். இன்னொரு வியாதி உண்டு. காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஜாக்கி, கயிறு, செருப்பு, மண்ணெண்ணெய் கேன், மாம்பழ சீசனில் ஒரு கூடை செந்தூரா என்று பெட்டி நிரம்பும். பெட்டியைச் சிலிண்டர் அளவுக்கே கட்டிவிட்டால் இந்தச் சபலத்துக்கு இடமில்லை.

இழுப்புத் தட்டு வேண்டுமா

பெட்டியின் தரை உங்கள் முழங்காலுக்கு மேலே, ஆழம் 45 செ.மீ.க்கு மேலே என்றால் வேண்டும். அதற்குக் குறைவு என்றால் வீண் செலவு, ஆடுகிற பாகம் ஒன்று கூடுதலாகச் சேரும். சமையலறை டிராயர் சேனல் போட்டு ஏமாறாதீர்கள். தட்டை முழுக்க வெளியே இழுக்கும்போது எடை முழுவதும் நுனியில் தொங்கும். இரண்டு 5 கிலோ சிலிண்டர், தட்டு எல்லாம் சேர்த்து 30 கிலோ வரும். 60 கிலோவாவது தாங்கும் என்று எழுதியிருக்கும் கனரக பேரிங் சேனல் வாங்குங்கள். உள்ளே தள்ளிய நிலையிலும் வெளியே இழுத்த நிலையிலும் இரண்டு இடத்திலும் பூட்டிக்கொள்ளும் ரகமாக இருக்கணும். இல்லாவிட்டால் வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவில் தட்டு கதவை உள்ளிருந்து இடிக்கும். தட்டிலும் துளை போட மறக்காதீர்கள், அடியில் துளை இருந்து என்ன பிரயோசனம், தட்டு மூடியிருந்தால். தட்டு போகும் தூரத்துக்கு டியூப் சுருங்கி நீளணும் என்பதால், மாற்றும்போது முதலில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் பிறகு தட்டை இழுங்கள். அதற்கு ஏற்றபடி ரெகுலேட்டர், தட்டு உள்ளே இருக்கும்போதே கைக்கு எட்டணும்.

தொப்பூரில் கழன்றுவிடாமல்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளே கட்டுப்பாட்டை இழக்கின்றன. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் சிலிண்டர் இருபுறமும் தள்ளும். ஒகேனக்கல் சாலையில் குலுக்கல். சிலிண்டரை வெறுமனே பெட்டிக்குள் நிறுத்திவிட்டு, இடம் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று விட்டால் வாஷரும் வால்வும் தேய்ந்து போகும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கட்டு: உயரத்தில் கால்வாசியில் ஒன்று, முக்கால்வாசியில் ஒன்று. 25 மி.மீ. ராட்செட் பெல்ட் நல்லது, ரப்பர் கயிறு கூடாது. பெல்ட் மாட்டும் கொக்கியை எம்8 போல்ட், பெரிய வாஷர், நைலாக் நட் (குலுங்கினாலும் கழலாதது) போட்டு சதுர பைப்பில் பிடிக்கணும். தகட்டில் மட்டும் பிடித்தால் ஒரு மோதலில் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். வண்டி போகும் திசையில் சிலிண்டரின் முன்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி கொடுங்கள். பிரேக் அடிக்கும்போது தள்ளுவது முன்னோக்கித்தான். பெல்ட்டின் நெம்பு உங்கள் பக்கம், அதாவது கதவுப் பக்கம் வரும்படி மாட்டுங்கள். பின்னால் போய்விட்டால் இந்தப் பெட்டியை எட்டும்படி கட்டிய புண்ணியம் போச்சு.

சிலிண்டர் எப்போதும் நேராக நிற்கணும். படுத்திருந்தால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவி ஆகும் என்பதால் அடுப்பில் சீராக எரிந்துகொண்டிருந்தது திடீரென்று ஆளுயரத்துக்குச் சீறும்.

டியூபும் பைப்பும்

ஆரஞ்சு நிறக் கம்பி வலை கொண்ட டியூப் பெட்டிக்குள் மட்டும், ஒன்றரை மீட்டருக்குள். அதன் ஆயுள் 5 வருஷம், அதன்மேலேயே அச்சடித்திருக்கும். பெட்டியிலிருந்து அடுப்பு வரை 8 மி.மீ. செம்புக் குழாய், அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப். தகட்டைக் குழாய் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் வளையம்), அதைச் சுற்றி சீலன்ட். நடுவில் இணைப்பு வைக்காமல் ஒரே குழாயாக இழுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக் குழாய் (கேஸைத் திறந்து மூடும் வால்வு) வையுங்கள். கேஸ் கீசரை வண்டிக்குள் மாட்டவே கூடாது, அந்தச் சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

கேஸ் கசிவுக் காட்டி ஒன்றைக் கேபினுக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள். கூரையில் மாட்டியிருப்பதைப் பார்க்கிறோம். அது அலறும்போது படுக்கை வரை கேஸ் ஏறியிருக்கும்.

சிலிண்டர் மாற்றும் முறை

பகலில், வெளியே, சமதளத்தில். ஒகேனக்கலில் நிறுத்துமிடத்தில் மாற்ற நேர்ந்தால் மீன் வறுக்கிற அடுப்புகள் பத்தடிக்குள் இல்லாதபடி தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல் பங்கிலும், எரிகிற ஜெனரேட்டர் பக்கத்திலும் வேண்டாம்.

1. அடுப்பை அணைத்து, அடைப்புக் குழாயையும் மூடுங்கள். வண்டியின் என்ஜின், இன்வெர்ட்டர் இரண்டும் நிற்கணும்.

2. பெட்டியைத் திறந்து கதவைக் கொக்கியில் மாட்டுங்கள். ஒரு நிமிடம் விட்டுவிட்டுக் குனியுங்கள். முகத்தை நேராக உள்ளே நீட்டாதீர்கள்.

3. ரெகுலேட்டர் குமிழை ஆஃப் நிலைக்குத் திருப்பி, கறுப்புக் காலரை மேலே தூக்கி ரெகுலேட்டரை எடுங்கள். வால்வு தானாக மூடிக்கொள்ளும். இதற்குப் பிறகும் 'ஸ்ஸ்' சத்தம் வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி சிக்கியிருக்கிறது. வெள்ளை மூடியை அழுத்திப் போடுங்கள், சத்தம் நிற்கும். மூடியைக் கயிற்றோடு சிலிண்டரிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

4. பெல்ட்டைத் தளர்த்திக் காலி சிலிண்டரை இறக்குங்கள்.

5. புதியதில் வாங்கும்போதே பார்க்க வேண்டியது, பரவாயில்லை, இப்போதாவது பாருங்கள்: கைப்பிடிப் பட்டையில் ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி-27' என்றால் 2027 ஜூன் முடிய. தேதி தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள். மூடியைக் கழற்றி வால்வுக்குள் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் முழுசாக உட்கார்ந்திருக்கணும். பிளந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ அந்த சிலிண்டரை மாட்டக் கூடாது.

6. உள்ளே வைத்து, இரண்டு பெல்ட்டையும் இறுக்கிய பிறகு ரெகுலேட்டர். குமிழ் ஆஃப் நிலையில் இருக்க, காலரைத் தூக்கி, இடமும் வலமும் லேசாக அசைத்தபடி கீழே அமுக்கி, காலரை விடுங்கள். 'டக்' என்று உட்காரும். மேலே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

7. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, குமிழைத் திறந்து, ரெகுலேட்டர் கழுத்திலும் டியூபின் இரு முனையிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். பார்த்த பிறகு ஈரத்துணியால் சோப்பைத் துடைத்துவிடுங்கள்.

சின்ன சிலிண்டரைத் தெருக்கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து கவிழ்த்து நிரப்பிக் கொடுப்பார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், அதில் திரவம் ஏறக்குறைய 26 லிட்டர்தான் இருக்கும். மிச்ச இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. கவிழ்த்து நிரப்புகிறவரிடம் அந்த அளவு ஏது? தளும்பத் தளும்ப நிரப்பிய சிலிண்டரை மே மாதத்தில் தகரப் பெட்டிக்குள் வைத்து அரூர் ரோட்டில் நிறுத்தினால் திரவம் விரிய இடமிருக்காது.

வாசம் வந்தால்

கேஸுக்கு இயல்பாக வாசம் கிடையாது, மெர்காப்டான் கலந்திருப்பதால்தான் அந்த நாற்றம். வண்டிக்குள் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபேன், லைட், செல்போன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். எரியும் அடுப்பு, ஊதுவத்தி இருந்தால் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியேற்றுங்கள். பிறகு ஒருவர் மட்டும் வெளியிலிருந்து பெட்டியைத் திறந்து குமிழை அணைக்கணும். இருட்டு என்றால் டார்ச்சைத் தூரத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடியே திறந்த வெளிக்குத் தூக்கிப்போய், பள்ளமோ சாக்கடையோ இல்லாத இடத்தில் வையுங்கள். கேஸ் கசிவுக்கான இலவச எண் 1906. நெருப்பு என்றால் 101 அல்லது 112.

பெட்டியிலேயே தீ தெரிந்தால், தொடக்கத்தில் சின்னதாக இருக்கும்போது 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் அணைப்பானை அடிக்கலாம். அதை ஆள் ஏறும் கதவுப் பக்கம் மாட்டியிருக்கணும், பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் எடுக்கவே முடியாது. சிலிண்டரே நெருப்பில் சூடேறுகிறது என்றால் வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் தூரமாகப் போய்விடணும்.

மாதம் ஒரு முறை

கீழே படுத்துத் தரைத் துளைகளைப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் குளவி வந்து மண்கூடு கட்டும். ஒரே துளையை இரண்டு வாரத்தில் அடைத்துவிடும், அதுவும் பழைய சேறு மாதிரியே தெரியும் என்பதால் கம்பியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். ஓரிரு மாதம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் சிலிண்டரை இறக்கி, மூடி போட்டு, வீட்டுக்குள் இல்லாமல் நிழலான திறந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பெட்டிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெல்டிங் வேலைக்கு வண்டியை விடும் முன்னும் சிலிண்டர் இரண்டையும் இறக்கிவிடணும், காலியாக இருந்தாலும். காலி சிலிண்டரில் கேஸ் முழுக்கத் தீர்ந்திருக்காது.